அம்பாசிடர் கட்சியும் பத்மினி கட்சியும்

செவ்வாய்க் கோளிலுள்ள நொய்யலூரில், பொழுது விடிந்ததும் வீட்டுக்கு ஒருவர் உருளையைத் தோளில் மாட்டிக்கொண்டு நியாய விலைக் கடைக்குச் சென்று, அன்றைக்கு வேண்டிய மூச்சைப் பெற்று வருவது வழக்கம். குடும்ப அட்டையில் உள்ள தலைகளுக்கு ஏற்ப உயிர்வளி அளந்து நிரப்பப்படும். குறட்டை விடுவோர்க்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். புதுமணத் தம்பதியர்க்கும் சில மாதங்கள் வரை சலுகை உண்டு. அவர்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று சட்டம் இயற்றியவர்கள் கருதியிருக்க வேண்டும்.

ஆகவே நொய்யலூரார் சிக்கனமானவர்கள். ஓட மாட்டார்கள்; உரக்கச் சிரிக்க மாட்டார்கள். நண்பகலில் ‘அடங்கு வேளை’ என்று ஒன்று உண்டு. அப்பொழுது ஊரைக் குடைபோல் மூடியிருக்கும் கண்ணாடிக் கவிகையின் கீழ் ஊரே அசையாமல் படுத்துக் கிடக்கும். இவ்வளவு கட்டுப்பாடாக வாழ்ந்த அம்மக்கள் ஒரே ஒரு பொருளைப் பற்றிப் பேசும்போது மட்டும், பூமியில் உள்ளோர் தண்ணீரைச் செலவழிப்பது போல மூச்சைச் செலவழித்தார்கள். அம்பாசிடர் சிறந்ததா, பத்மினி சிறந்ததா என்பதே அப்பொருள்.

அன்று காலையும் கடை வரிசையில் அவ்வழக்குத் தொடங்கிவிட்டது. தொடங்கியவர் சென்னியப்பன். ஊருக்கு உயிர்வளி தரும் பாசித்தொட்டிகளின் ஆய்வாளர், அம்பாசிடர் மன்றத்தின் தலைவர். அவருக்கு முன்னால் நின்றவன் வெள்ளிங்கிரி. கவிகைக் கண்ணாடிகளைப் பழுது பார்ப்பவன். பத்மினி மன்றத்தின் தலைவன். சென்னியப்பனின் மனைவி கண்ணாத்தாளுக்கு உடன்பிறந்த தம்பியும் அவனே.

“ஏம் மாப்ளே, உன்ற வண்டிக்குத் தூசி தட்டியாச்சா? தீப்பெட்டிக்கெல்லாம் தூசி தட்டுவாங்களோ என்னமோ, தெரியாமத்தான் கேக்கறேன்.”

“தீப்பெட்டின்னாலும் உரசுனாப் பத்துமுங்க மாமா. உங்குளுது அரிசி மூட்டை. நாலு பேரு நெட்டுனாத்தான் நகரும்.”

“ஆயிரத்து நானூத்தி எம்பத்தொம்போது சிசி மாப்ளே! எந்த அரிசி மூட்டைக்குடா சிசி இருக்குது?”

“எங்குளுது ஆயிரத்து எம்பத்தொம்போதுதானுங்க. இல்லீன்னு சொல்லுல. ஆனா எடை? தொள்ளாயிரங் கிலோகூட வராது. ஒல்லியா இருக்கறவன் கொஞ்சமாத் தின்னாப் போதுமுங்களே.”

“குண்டா இருக்கறவன்தான் அஞ்சு பேரத் தூக்கிட்டு மேடு ஏறுவான்.”

கடைக்காரர் உருளையின் வாயைத் திருகியபடியே, “பேசிப் பேசித் தீத்துப்போட்டுச் சாயங்காலம் எச்சாக் குடுன்னு வந்து நின்னீங்கன்னா ஆகாது, ஆமா,” என்றார்.

இவ்விரு ஊர்திகளும் செவ்வாய்க்கு வந்த வரலாறு சுவையானது. கோயம்புத்தூரிலிருந்து குடியேறிகளின் முதற்கப்பல் புறப்பட்டபோது, அது தள்ளாடாமல் இருப்பதற்குச் சில டன் நிலைக்கனம் தேவைப்பட்டது. மணல் மூட்டைகளை ஏற்றலாம் என்று கணக்கு வல்லார் கூறினர். செவ்வாய்க்கே மணல் கொண்டுபோவதா என்று கேட்ட முதலாளிகள் இருவர், தத்தம் வீட்டில் நின்ற பழைய ஊர்திகளை ஏற்றிவிட்டனர். வந்து இறங்கிய பிறகுதான், செவ்வாயில் பெட்ரோல் கிடையாது என்பது நினைவுக்கு வந்தது. பெட்ரோல் இருந்தாலும், மனிதன் மூச்சு விடுவதற்கே காணாத ஊரில் எந்திரத்துக்கு எங்கிருந்து காற்றுக் கொடுப்பது? இரண்டு ஊர்திகளும் ஒரே கொட்டகையில் அருகருகே நின்றுவிட்டன. ஊர் மக்கள் வெற்றிடக் குழல்களில் வழுக்கிச் சென்று வேலை பார்த்துத் திரும்பினர். திரும்பிய பின் ஊர்திகளைப் பற்றி வாதாடினர். ஓட்டியவர் எவரும் இலர். ஓடக் கண்டவர்களும் இலர். ஆயினும் நொய்யலூரில் பிறந்த குழந்தை ‘அ’ எழுதுவதற்கு முன்பே, இரண்டுக்கும் நான்கு உருளை எந்திரம், கியர் எனும் பற்சக்கர நிலை நான்கு, பற்சக்கரக் கோல் இரண்டுக்கும் திருப்புவளையத்தின் பக்கத்திலேயே உண்டு, அம்பாசிடருக்குக் குதிரைத்திறன் ஏறக்குறைய ஐம்பது, பத்மினிக்கு ஏறக்குறைய நாற்பது என்று ஒப்பிக்கும்.

முன்மூடியைத் திறப்பதற்கென ஒரு வழக்கம் இருந்தது. கருவிப் பூசையன்று, அந்தந்த மன்றத்தின் தலைவர் மட்டும் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டுத் தம் ஊர்தியின் மூடியைத் திறந்து எண்ணெய் பூசிச் சந்தனம் வைப்பார். வேறெவரும் எட்டிப் பார்க்கக் கூடாது. பிறர் வீட்டு அடுக்களையில் நுழைந்து சட்டியைத் திறந்து பார்ப்பதற்கு ஒப்பான மரியாதைக் கேடு அது.

வரிசை பாதி நகர்ந்திருக்கும். ஊர்த்தலைவி அமிர்தவல்லி, மூன்று கைகளையுடைய நெட்டையான ஓர் எந்திரனுடன் அங்கே வந்து நின்றாள். அவ்வெந்திரனுக்கு நிறைகோலன் என்று பெயர். இரண்டு பொருள்களை ஒப்பிட்டு இன்னது மேல் என்று நடுநிலை தவறாமல் சொல்வதற்கென்றே செய்யப்பட்டது.

“எல்லாருங் கொஞ்சம் கம்முனு கேளுங்க,” என்றாள் அமிர்தவல்லி. “ஊருல தலைக்கட்டு பெருகிப்போச்சு. இன்னொரு பாசித்தொட்டி வெச்சாத்தான் மூச்சுப் பத்தும். வெக்கறதுக்கு எடம் அந்தக் கொட்டகைல பாதிதான். அதனால ஒரு வண்டிதான் உள்ள இருக்க முடியும். இன்னொண்ணக் கவிகைக்கு வெளிய, மணல்ல நிறுத்தியாகோணும்.”

வரிசை கலைந்து எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“எதுங்க வெளிய போறது?” என்றார் சென்னியப்பன்.

“அதத்தான் இத்தன வருசமாப் பேசறீங்களே, இன்னும் முடிவாகலீங்களா? ஆய்வுக்கூடத்துல ஆளுக்கு ரெண்டு லிட்டர் பெட்ரோல் காச்சித் தரச் சொல்லியிருக்கறேன். எஞ்சினுக்கு வேணுங்கற காத்த வீட்டுக்கு வீடு கொஞ்சம் கொறச்சுக்கோணும். ஓட்டிப் பாத்துரலாம்.”

நிறைகோலன் முன்வந்து, ஏட்டுத் தமிழில் அறிவித்தது: “தேர்வுகள் இரண்டு. ஒரு லிட்டரில் எவ்வூர்தி நெடுந்தொலைவு செல்கிறது என்பது முதலாவது. மறு லிட்டரில், ஐவரைச் சுமந்துகொண்டு பொட்டல் மேட்டில் எது விரைந்து ஏறுகிறது என்பது இரண்டாவது. இரண்டிலும் வெல்வது உள்ளே இருக்கும். ஆளுக்கொன்றில் வென்றால், நான் ஆராய்ந்து முடிவு கூறுவேன்.”

அன்று சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. கவிகைக்கு வெளியே நிறுத்துவது என்றால் என்னவென்று அவர் அறிவார். புயல் காலத்தில் செம்மணல் முதலில் சக்கரங்களை விழுங்கும், பிறகு கதவுகளை, கடைசியாக அந்த உருண்டையான முகப்பு விளக்குகளை. வாரந்தோறும் அவர் அம்பாசிடரின் முன்னிருக்கையில் அமர்ந்து, நிற்கும் வண்டியிலேயே பற்சக்கரக் கோலைத் தள்ளிப் பழகியவர். அவர் திறமாகச் செய்யக் கற்ற வேலை உலகில் அது ஒன்றுதான் என்று கண்ணாத்தாள் சொல்வதுண்டு.

மேட்டைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. தொலைவைப் பற்றித்தான் கவலை. வெளியில் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லையாயினும், பத்மினியின் சின்ன எந்திரம் குறைவாகக் குடிக்கும் என்பதை நெஞ்சுக்குள் அவர் நெடுங்காலமாக நம்பி வந்தார். இரண்டிலும் வென்றால்தான் பிழைக்கலாம். ஆளுக்கொன்று என்றாகி, முடிவு எந்திரன் கையில் போய்விட்டால்? எண்ணிப் பார்த்தார். பூமியில் ஆயிரம் கிலோவாக அழுத்தும் பொருள் செவ்வாயில் நானூறு கிலோ அளவுக்குக்கூட அழுத்தாது. அப்படியிருக்க, மேடேறுவதற்கு ஐம்பது குதிரை எதற்கு? நாற்பதே போதுமே! அம்பாசிடரின் உடலுக்குள் பத்மினியின் எந்திரம் இருந்துவிட்டால் தொலைவும் நமது, மேடும் நமது.

இவ்வெண்ணம் தோன்றியபோது, கோயிலில் செருப்போடு நிற்பவர் போல அவருக்கு உடல் கூசியது. கூசியபடியே எழுந்து வார்ப்பச்சகத்துக்குப் போனார்.

உலோகத் துகளை உருக்கி, வேண்டிய உறுப்பை வேண்டிய வடிவில் அச்சிட்டுத் தரும் அவ்விடத்துக்குக் கண்ணாத்தாளே தலைமைப் பொறியாளர். கணவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் காதருகில் வந்து சொன்னதைக் கேட்டு, அவள் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தாள்.

“பத்மினி எஞ்சினா? உங்களுக்கா?”

“மெதுவாப் பேசு கண்ணு! என்ற எஞ்சினக் கழட்டிக் கொண்டாந்து தந்தர்றேன். அத உருக்கியாச்சும் பண்ணிக் குடு.”

“அத உருக்கறதா!” என்றவள், ஏதோ நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள். அவள் உதட்டோரம் ஒரு நெளிவு தோன்றி மறைந்ததைச் சென்னியப்பன் கவனிக்கவில்லை. “சரிங்க. கொண்டாந்து போடுங்க. ஆகறதப் பாக்கலாம்.”

“உன்ற தம்பிகிட்ட மூச்சு விட்றாத. சத்தியம் பண்ணு.”

“சத்தியமா அவங்கிட்டச் சொல்ல மாட்டேன், போதுமுங்களா?”

அடங்கு வேளைகளில், ஊர் அசையாமல் கிடக்கையில், சென்னியப்பன் எந்திரத்தைக் கழற்றினார். தள்ளுவண்டியில் வைத்து மூடிக் கொண்டுபோனார். சில நாட்களில் அதே தள்ளுவண்டியில் இன்னொன்றை மூடிக் கொண்டுவந்தார். புதிதாக அச்சிட்ட தாங்கிகளின் மேல் அது அழகாகவே அமர்ந்தது. சுற்றிலும் இடம் தாராளமாக எஞ்சியது. ஒரு பூசணிக்காயை வைத்தாலும் உருளாமல் இருக்கும். பக்கத்தில் நின்ற பத்மினியின் முன்மூடி அண்மைக் காலமாகச் சற்றே தூக்கலாக இருப்பது போல ஒருமுறை அவருக்குத் தோன்றியது. ஆனால் பிறர் மூடியை உற்றுப் பார்ப்பது முறையன்று என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தேர்வு நாளும் வந்தது. ஊரே கவிகைக்குள் ஊரைச் சுற்றி ஓடும் சுற்றுப்பாதையின் ஓரத்தில் திரண்டு நின்றது. இரண்டு ஊர்திகளும் கொட்டகையிலிருந்து தள்ளிக் கொண்டுவரப்பட்டன. அம்பாசிடரின் மூடிமேல் பட்டுத்துணி போர்த்திருந்தது. பத்மினியின் மூடிமேலோ பட்டுத்துணியும், அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, அதன்மேல் பெருமாலையும் சாத்தப்பட்டிருந்தன.

“என்ன மாப்ளே, பொண்ணுக்கு மாலை எச்சா இருக்குது?”

“அது... பக்திங்க மாமா,” என்றான் வெள்ளிங்கிரி. அவன் நெற்றி வியர்த்திருந்தது.

சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். செவ்வாயில் எலுமிச்சை அரியது. ஆகையால், வண்டி நகர்வதற்கு ஒரு கணம் முன்பு பழத்தை எடுத்து மடியில் போட்டுக்கொள்வது அவ்வூர் முறை. நிறைகோலன் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டு மூன்று கைகளிலும் மூன்று அளவிகளைப் பிடித்துக்கொண்டது.

சென்னியப்பன் சாவியைத் திருப்பினார். நூற்றாண்டுக்கு மேலாக வாயாலேயே ஓடிய ஊர்தி, உறுமிற்று, இருமிற்று, பிறகு சீராகப் பாடத் தொடங்கிற்று. ஊர் மக்கள் வாய்விட்டு ஆர்ப்பரித்தார்கள். அன்றைய மூச்சுக் கணக்கு அங்கேயே பாழாயிற்று. பதற்றத்தில் அவர் கிளச்சு மிதியைச் சட்டென்று விட்டுவிடவே, ஈர்ப்புக் குறைந்த அம்மண்ணில் வண்டி முயலைப் போல் ஒரு துள்ளுத் துள்ளியது. நிறைகோலனின் தலை கூரையில் மோதியது. “பதிவு செய்துகொண்டேன்,” என்றது அது.

வண்டி சுற்றுப்பாதையில் ஓடிற்று, ஓடிற்று, ஓடிக்கொண்டே இருந்தது. சென்னியப்பனின் கண் எரிபொருள் அளவைக் காட்டும் முள்ளை விட்டு அசையவில்லை. வெள்ளிங்கிரியும் தன் முறை வந்தபோது முன்னால் பார்த்ததைவிட முள்ளைப் பார்த்ததுதான் மிகுதி. இரண்டு வண்டிகளும் பழுதேதுமின்றி ஓடி நின்ற பின், நிறைகோலன் அறிவித்தது:

“தொலைவில் வென்றது அம்பாசிடர்.”

துள்ளிக் குதிக்க எழுந்த அம்பாசிடர் கட்சியார் பாதியில் நின்றுவிட்டார்கள். எரிபொருளைப் பற்றிக் கணக்குப் பார்ப்பது கஞ்சர் வேலை என்றல்லவா மூன்று தலைமுறையாகப் பேசி வந்திருக்கிறார்கள்! “மைலேஜா? அது அவங்க பேசற பேச்சாச்சே,” என்று ஒருவர் மற்றவரைக் கேட்டார். மகிழ்வதா, நாணுவதா என்று விளங்கவில்லை.

அடுத்து மேடு. அம்பாசிடரில் ஐவர் நெருக்கி அமர்ந்தனர். சென்னியப்பன் மிதித்தார். வண்டி ஏறியது, ஏறத்தான் செய்தது. ஆனால் கோயில் யானை படி ஏறுவது போல நிதானமாக ஏறியது. பத்மினியோ ஐவரையும் சுமந்துகொண்டு ஒரே மூச்சில் உச்சிக்குப் போய், அங்கே நின்று ஒலிப்பானையும் அடித்தது.

“மேட்டில் வென்றது பத்மினி.”

இப்பொழுது பத்மினி கட்சியார் விழித்தார்கள். சுமை இழுப்பது மாட்டுக்குப் பெருமை, வண்டிக்கன்று என்று சொல்லி வளர்ந்தவர்கள் அவர்கள்.

நிறைகோலன் தன் மூன்று அளவிகளையும் மாறி மாறிப் பார்த்தது. “ஏடுகளில் உள்ள அளவுகளுக்கும் நான் கண்ட அளவுகளுக்கும் பொருத்தம் இல்லை. முடிவு கூறுமுன் முன்மூடிகளைத் திறந்து காண வேண்டும்.”

“மூடியத் திறக்கறது எங்க வழக்கமே இல்லீங்க!” என்று சென்னியப்பனும் வெள்ளிங்கிரியும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அவ்விருவரும் ஒன்றை ஒப்புக்கொண்டு ஊரார் கேட்டது அதுவே முதல் முறை. அதனாலேயே அத்தனை பேருக்கும் ஐயம் வந்துவிட்டது.

“தெறங்கப்பா,” என்றாள் அமிர்தவல்லி.

பட்டுத்துணிகள் விலகின. கயிறு அறுபட்டதும் பத்மினியின் மூடி தானாகவே மேலெழும்பியது. நிறைகோலன் இரண்டுக்குள்ளும் தலையை விட்டுப் பார்த்து நிமிர்ந்தது.

“அம்பாசிடருக்குள் இருப்பது பத்மினியின் எந்திரம். பத்மினிக்குள் இருப்பது அம்பாசிடரின் எந்திரம்.”

சென்னியப்பனுக்கு முதலில் தம் குற்றம் வெளிப்பட்ட நாணம் தோன்றியது. பிறகுதான் இரண்டாவது வாக்கியம் காதில் ஏறியது. மெல்லத் திரும்பி மைத்துனனைப் பார்த்தார்.

“மாப்ளே... நீயுமா?”

“மேடு ஏறோணுமேங்க மாமா,” என்றான் வெள்ளிங்கிரி, காலால் தரையைக் கீறிக்கொண்டே. “வெளிய என்ன பேசுனாலும், உங்க எஞ்சின் மேல எனக்கு எப்பவுமே ஒரு பயந்தானுங்க.”

“பயமா? எனக்கு உன்ற எஞ்சின் மேல ஆசையே இருந்துச்சுடா!”

இருவரும் சொல்லி வைத்தாற்போல் கண்ணாத்தாளை நோக்கித் திரும்பினார்கள். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். தோள்கள் குலுங்கின.

“ஏனுங்க முறைக்கறீங்க? தம்பிகிட்டச் சொல்லாதன்னு நீங்க சத்தியம் வாங்குனீங்க. மாமங்கிட்டச் சொல்லாதக்கான்னு இவன் உங்குளுக்கு முந்தியே வந்து வாங்கிட்டான். நான் ஒருத்தருகிட்டயும் சொல்லுலியே.”

“புதுசா ரெண்டு எஞ்சின் அச்சடிச்சியாக்கா?”

“அத்தன இரும்புக்கு நான் எங்க போவேன்? அவரு பகல்ல கழட்டிக் குடுத்தத உனக்கு, நீ ராத்திரி கழட்டிக் குடுத்தத அவருக்கு. தாங்கி மட்டுந்தான் புதுசு.”

சிக்கனம் பாராமல் ஊரே சிரித்தது. சிரிப்பு அடங்கிய பின் அமிர்தவல்லி நிறைகோலனிடம் கேட்டாள்: “சரி, அப்ப வெளிய போறது எது?”

நிறைகோலன் தன் மூன்று அளவிகளையும் கீழே வைத்தது. “உடலைக் கொண்டு பார்த்தால் ஒரு விடை, எந்திரத்தைக் கொண்டு பார்த்தால் அதற்கு நேர்மாறான விடை. ஊர்தி என்று நீங்கள் எதனை அழைக்கிறீர்கள் என்பதை அளக்கும் கருவி என்னிடம் இல்லை. பூமியின் ஆவணங்களில் தேடினேன். ஊர்திகளையும் கைப்பேசிகளையும் இரவு பகலாக ஒப்பிட்டு எழுதியவர்கள் கோடிக் கணக்கில் இருந்திருக்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் ஒப்பிட்ட இரண்டில் ஒன்றையும் வைத்திருந்தவர் அல்லர். எனவே அவர்களாலும் பயனில்லை.”

“அப்படின்னா அம்பாசிடர நெட்டிரலாமா?” என்று ஒரு குரல் எழுந்தது. அம்பாசிடர் கட்சியார் எதிர்ப்பதற்கு முன்பே பத்மினி கட்சியார் பாய்ந்தார்கள்: “அதுக்குள்ள இருக்கறது எங்க எஞ்சினுங்க! யாரு கைய வெக்கறதுன்னு பாக்கறோம்!” பத்மினியை நெட்டலாமா என்று கேட்டபோது அம்பாசிடர் கட்சியார் அதற்கு மேலும் உரக்கக் கத்தினார்கள். எந்திரங்களை மறுபடி மாற்றிப் பொருத்திவிடலாமே என்று ஒருவர் மெல்லச் சொன்னார். இரு கட்சியாரும் அது காதில் விழாதது போல இருந்தனர். பிறர் பெருமையைத் தட்டிப் பறித்த இன்பம் அவர்களுக்கு அப்பொழுதுதான் கிடைத்திருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க எவருக்கு மனம் வரும்?

கண்ணாத்தாள் கேட்டாள்: “தொட்டி வெக்க எடந்தானுங்களே வேணும்? சண்ட போடறதுக்குன்னு ஊருல ரெண்டு மன்றம் இருக்குது. ஒவ்வொண்ணும் கொட்டகையவிடப் பெருசு. எதிராளி இல்லாம ஆளுக்கொரு மன்றத்துல உக்காந்து பேசுனா அதுக்குப் பேரு சண்டைங்களா? ஒண்ணு போதுமே.”

அன்று மாலையே பத்மினி மன்றத்தில் பாசித்தொட்டி வைக்க முடிவாயிற்று. இரண்டு ஊர்திகளும் பழைய இடத்திலேயே அருகருகே நின்றன. மணலுக்குள் போகவிருந்த முகப்பு விளக்குகளைச் சென்னியப்பன் தம் வேட்டி நுனியாலேயே துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்று அவருக்குச் சோறு இறங்கியது. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்.

“ஏனுங்க,” என்றாள் கண்ணாத்தாள், குழம்பு ஊற்றிக்கொண்டே. “இந்தக் கோள்லயே மொதமொதல்ல கார் ஓட்டுனது நீங்கதான். எப்படி இருந்துச்சு?”

“அட, அதயேன் கேக்கற! ஒரு லிட்டருக்கு...”

“அதக் கேக்குலீங்க. ஓட்டுனது எப்படி இருந்துச்சு?”

சென்னியப்பன் எவ்வளவோ எண்ணிப் பார்த்தார். முள் இருந்த இடம் நினைவிருந்தது. பாதை நினைவில்லை. “நாளைக்கி உன்ற தம்பியக் கேட்டுச் சொல்றேன்,” என்றார். வெள்ளிங்கிரியின் மனைவியும் அந்நேரம் அதே கேள்வியை அவனிடம் கேட்டிருந்தாள்; மாமாவைக் கேட்டுச் சொல்வதாகத்தான் அவளுக்கும் பதில் கிடைத்திருந்தது.

மறுநாள் பொதுமன்றம் கூடியது. அம்பாசிடர் கட்சி, பத்மினி கட்சி என்ற பெயர்கள் ஓர் இரவில் வழக்கொழிந்திருந்தன. வாசலிலேயே ஒருவர் நின்று, “உடற்கட்சி எடப்பக்கம், உயிர்க்கட்சி வலப்பக்கம்,” என்று ஆட்களைப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தார். வண்டி என்பது அதன் உடல்தான் என்போர் ஒரு சார். எந்திரமே வண்டி என்போர் மறுசார். இரு சாரிலும் பழைய கட்சிகள் இரண்டையும் சேர்ந்தவர்கள் கலந்து அமர்ந்து, நேற்றுவரை எதிரியாக இருந்தவனின் தோளில் கைபோட்டுக்கொண்டு புதிய எதிரியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

சென்னியப்பன் வாழ்நாளில் முதல் முறையாக நிதானமாகச் சிந்தித்தார். எந்திரம் இல்லாவிட்டால் வண்டி வெறும் தகரம் அல்லவா? தெளிவோடு வலப்பக்கம் போய் அமர்ந்தார். அருகில் ஏற்கெனவே வெள்ளிங்கிரி அமர்ந்திருந்தான்.

“நீயும் இந்தப் பக்கமா மாப்ளே?”

“ஆமாங் மாமா. எஞ்சின்தானுங்களே எல்லாம்.”

“அதானே. நாஞ் சொல்ல வந்ததும் அதுதான்.”

“நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்.”

தேநீர் வந்தது. இருவரும் குடித்தார்கள். “அப்பறம்?” என்றார் சென்னியப்பன். “அப்பறம் ஒண்ணுமில்லீங்க,” என்றான் வெள்ளிங்கிரி. மாமன் கூரையைப் பார்த்தார். மைத்துனன் குவளைக்குள் பார்த்தான். இத்தனை ஆண்டுகளில் அவர்களிடையே இவ்வளவு அமைதி ஒருநாளும் நிலவியதில்லை. இருவருக்கும் அது பொறுக்கவில்லை. மணமேடையில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்ட அறிமுகமில்லாத இருவரைப் போல நெளிந்தார்கள்.

திடீரென்று வெள்ளிங்கிரி எழுந்தான். குவளையைக் கையில் எடுத்துக்கொண்டு, நடுவிலிருந்த இடைவெளியைத் தாண்டி உடற்கட்சியின் முதல் வரிசையில் போய் அமர்ந்தான். வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தான்.

“ஏனுங் மாமா! கதவு, சீட்டு, சக்கரம் ஒண்ணும் இல்லாம வெறும் எஞ்சின மடியில வெச்சுக்கிட்டா ஊருக்குப் போவீங்க?”

சென்னியப்பனின் முகம் விளக்கேற்றினாற்போல மலர்ந்தது.

“வா மாப்ளே, வா! எஞ்சின்னா என்னன்னே தெரியாத உனக்கு எங்கிருந்துடா ஆரம்பிக்கறது?” என்று தொடங்கினார் அவர்.